இழை: என் கதையில் வரும் கண்டக்டர் ஏன் நம்பும்படி இல்லை?

கரிசல்பிஞ்சை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கோவில்பட்டியைச் சுற்றி ஓடும் அரசு டவுன் பஸ் ஒன்றின் கண்டக்டர் சண்முகவேல்தான் நாயகன். வயது நாற்பத்தெட்டு. மனைவி பேச்சியம்மாள், பாலிடெக்னிக் படிக்கும் மகன், டிரைவர் தவசி, ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டர். இவ்வளவுதான் ஆட்கள்.

சண்முகவேலுக்காகத் தனி நோட்டே போட்டு வைத்திருக்கிறேன். பிறந்த ஊர், படிப்பு, பிடித்த சாப்பாடு, சின்ன வயதில் கண்மாயில் மூழ்கப்போன சம்பவம் எல்லாம் அதில் இருக்கிறது. ஆனாலும் படித்துப் பார்த்த நண்பர்கள் "கதை நல்லா இருக்கு, கண்டக்டரைத்தான் நம்ப முடியல" என்கிறார்கள். எங்கே இடிக்கிறது என்று கேட்டால் அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. முதல் அத்தியாயத்திலிருந்து ஒரு துண்டு கீழே. தயங்காமல் சொல்லுங்கள்.

"சண்முகவேல் நேர்மையான மனிதர். இருபது வருட சர்வீஸில் பயணிகளின் காசு ஒரு ரூபாய்க்கும் ஆசைப்பட்டதில்லை. அன்றும் அப்படித்தான். பாட்டி ஒருத்தி மிச்சச் சில்லறை வாங்க மறந்து இறங்கிப் போய்விட்டாள். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினார். 'ஆச்சி, இந்தாங்க உங்க ஆறு ரூபா' என்று அவள் கையில் வைத்தார். பாட்டியின் கண்கள் கலங்கின. 'நீ நல்லா இருப்பே எய்யா' என்றாள். பஸ்ஸில் இருந்த எல்லோரும் அவரைப் பெருமையோடு பார்த்தார்கள்."

பிழைதிருத்தி எழுதியது:

நடை சரளமாக இருக்கிறது. இடிப்பது முதல் வாக்கியம். "நேர்மையான மனிதர்" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். அதற்கப்புறம் வாசகனுக்கு அவரைக் கவனித்துப் பார்க்கிற வேலையே இல்லை. கீழே வரும் சம்பவம், அந்தத் தீர்ப்புக்காகக் கூட்டி வந்த சாட்சி மாதிரி நிற்கிறது.

இன்னொன்று கேட்கிறேன். ஆறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்ததில் அவருக்கு என்ன போயிற்று? பஸ் நின்றதற்காகத் தவசி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்னால் வந்த மினிபஸ் முந்திப்போய் அடுத்த ஸ்டாப்பில் ஆளை அள்ளிக்கொள்ளவில்லை. வேலைக்குப் போகிற யாரும் "நேரமாகுது கண்டக்டர்" என்று கத்தவில்லை. பாட்டி வாழ்த்துகிறாள், பஸ்ஸே மெச்சுகிறது. நல்லவராக இருப்பதற்கு அவர் எதையுமே கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் அந்த நல்ல குணம் நம் மனசில் ஒட்டவில்லை.

அப்புறம் அந்த நோட்டு. கண்மாய்ச் சம்பவமும் பிடித்த சாப்பாடும் இருக்கட்டும், எழுதுகிறவருக்கு அது தைரியம் தரும். ஆனால் அதில் இருப்பதெல்லாம் அவருக்கு நடந்தவை. எனக்கு வேண்டியது வேறு. பையில் யாரும் கேட்டு வராத காசு கிடந்தால், அதைப் பற்றி அவர் தனக்குத்தானே என்ன சொல்லிக்கொள்வார்? அந்தப் பதில் நோட்டில் இருக்கிறதா?

கரிசல்பிஞ்சை எழுதியது:

இல்லை. திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று மட்டும்தான் எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வெயிலுகந்தாள் எழுதியது:

யோசிக்க நிறைய இருக்கிறது. என் அப்பா கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பையோடுதான் நாங்கள் வளர்ந்தோம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். டூட்டி முடிந்து டிப்போவில் காசு கட்டும்போது டிக்கெட் கணக்கும் பையிலுள்ள பணமும் ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் கண்டக்டர் கைக்காசுதான். கூட்டத்தில் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு இருபதுக்குச் சில்லறை கொடுத்தது, மடித்து நீட்டிய கிழிந்த நோட்டைப் பார்க்காமல் வாங்கியது, டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறந்தது, எல்லாம் அவர் தலையில்தான் விழும். சரி, கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். அதுவும் இல்லை. வழியில் செக்கிங் ஏறிப் பையை எண்ணும்போது கணக்குக்கு மேல் காசு இருந்தால் கேள்வி வரும். அதற்காகத்தான் டூட்டி ஏறும்போதே சொந்தப் பணம் இவ்வளவு என்று வேபில்லில், அதாவது டிக்கெட் கணக்கு எழுதும் தாளில், எழுதிக் காட்ட வேண்டும் என்கிற விதி.

இப்போது அந்தச் சில்லறைக்கு வருகிறேன். சில்லறை இல்லாதபோது டிக்கெட்டுக்குப் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுப்பார்கள், எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இறங்கும்போது பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். அந்தக் காசை அப்பா "கேட்டு வராத காசு" என்பார். திருட்டு என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. தப்புக் கணக்கில் தன் கையை விட்டுப் போகிற காசுக்கு இது ஈடு என்பது அவர் நியாயம். ஆனால் அதற்குள்ளும் ஒரு சட்டம் வைத்திருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளை மறந்துவிட்டுப் போனால் மறுநாள் அதே பஸ்ஸில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு இறங்குவதற்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே, சில்லறை புரட்டியாவது கொடுத்துவிடுவார். சட்டை கசங்காத ஆள் மறந்தால் கண்டுகொள்ள மாட்டார். இந்தச் சட்டத்தை அவர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. பல வருஷம் பார்த்து நாங்களாகப் புரிந்துகொண்டதுதான்.

உங்கள் சண்முகவேல் என் அப்பா மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் அவருக்கும் இப்படி ஒரு சட்டம் இருந்தே தீரும்.

உதவுமே என்று இன்னும் இரண்டு விஷயம். நோட்டுகளை நீளவாக்கில் மடித்து இடது கை விரலிடுக்கில் செருகி வைப்பார்கள், பத்து ஒரு இடுக்கு, இருபது ஒரு இடுக்கு. ஓய்வு பெற்ற பிறகும் மளிகைக் கடைக்குப் போனால் அப்பா கை அப்படித்தான் மடிக்கும். வீட்டில் சும்மா நிற்கும்போதும் இடுப்பை எதிலாவது சாய்த்துத்தான் நிற்பார். கதவு நிலை, பீரோ, எதுவானாலும் சரி.

கடைசிசீட் எழுதியது:

விரலிடுக்கு நோட்டும் இடுப்புச் சாய்வும் போதும். "கறுத்த உருவம், கண்களில் சோகம்" மாதிரி வர்ணனை எங்காவது வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள் கரிசல்பிஞ்சை.

மஞ்சநத்தி எழுதியது:

வெயிலுகந்தாள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இருந்தாலும் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். இதைப் படித்த உற்சாகத்தில் வேபில், ஸ்டேஜ், டிப்போ, செட்டில்மென்ட் என்று எல்லாவற்றையும் கதைக்குள் கொட்டிவிடக் கூடாது. தொழில் விவரம் நம்பகத்தன்மை தருவது இடத்துக்கு. ஆளுக்கு அது தானாக வராது. டிக்கெட் மெஷினைப் பிரித்து மேய்கிற ஒரு கதையில்கூட கண்டக்டர் பொம்மையாகவே நிற்கலாம். அப்பாவின் கதையில் நம்மைப் பிடித்தது வேபில் விதி இல்லை, பள்ளிப் பிள்ளைக்கும் சட்டை கசங்காத ஆளுக்கும் அவர் வைத்திருந்த வித்தியாசம்தான்.

தொழில் விவரமே இல்லாமல் ஆள் நிற்பதற்கு ஜெயகாந்தனைச் சொல்வேன். "அக்கினிப் பிரவேசம்" 1966-ல் விகடனில் வந்த சிறுகதை. மழை நாளில் ஒரு கல்லூரிப் பெண் முன்பின் தெரியாத ஒருவனுடைய காரில் ஏறுகிறாள், அவன் தவறாக நடந்துகொள்கிறான். வீட்டுக்கு வந்து அழுகிற மகளின் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி, விஷயத்தை வெளியே தெரியாமல் மறைத்து, அவளை ஏற்றுக்கொள்கிறாள். இதற்கு அப்போது பெரிய சர்ச்சை. பிறகு அதே நிகழ்ச்சியிலிருந்து "சில நேரங்களில் சில மனிதர்கள்" நாவலை எழுதினார். 1972-ல் சாகித்திய அகாதமி வாங்கிய நாவல். அதில் அம்மா மறைக்கவில்லை. அவள் போட்ட கூச்சலில் ஊருக்கே தெரிந்துபோகிறது, அண்ணன் வீட்டை விட்டு வெளியேற்றுகிறான், அந்தப் பெண் கங்காவின் வாழ்க்கை முழுக்க வேறு திசையில் போகிறது.

இந்த இரண்டு அம்மாக்களில் யார் உண்மை, யார் பொய்? எனக்கு இருவரையும் நம்ப முடிகிறது. இருவருக்கும் பயம் ஒன்றுதான்: அக்கம்பக்கம், மகளின் எதிர்காலம். ஒருத்தி அந்தப் பயத்தில் மறைக்கிறாள், இன்னொருத்தி அதே பயத்தில் கத்துகிறாள். இருவருமே மகளுக்கு நல்லது செய்வதாகத்தான், அல்லது வேறு வழியில்லை என்றுதான் நினைத்திருப்பார்கள். எழுதுகிறவர் அந்தப் பயத்தைச் சரியாகப் பிடித்துவிட்டால், ஆள் இரண்டில் எதைச் செய்தாலும் நாம் நம்புவோம்.

கரிசல்பிஞ்சை எழுதியது:

மஞ்சநத்தி, வெயிலுகந்தாள், இருவருக்கும் நன்றி. ஒரு தயக்கம் இருக்கிறது. சண்முகவேல் கேட்டு வராத காசை வைத்துக்கொள்கிறார் என்று எழுதினால் வாசகர் அவரை வெறுத்துவிட மாட்டார்களா? கடைசி அத்தியாயத்தில் அவருக்கு மெமோ, அதாவது விளக்கம் கேட்டு நிர்வாகம் அனுப்பும் கடிதம், வருகிறது. அப்போது வாசகர் அவர் பக்கம் நிற்க வேண்டும். அதற்காகத்தான் முதலிலேயே நல்லவர் என்று நிறுவப் பார்த்தேன்.

பிழைதிருத்தி எழுதியது:

வெயிலுகந்தாளின் பதிவைப் படித்தபோது அவர் அப்பாவை வெறுத்தீர்களா? நான் வெறுக்கவில்லை. இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்க்கத்தான் தோன்றியது. ஒரு ஆளின் கணக்கு நமக்குப் புரிந்துவிட்டால், அந்தக் கணக்கோடு நாம் ஒத்துப்போகாவிட்டாலும் அவர் பக்கத்தில் போய் நின்றுவிடுவோம். மாசில்லாத ஆளுக்கு மெமோ வந்தால் "அநியாயம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். கேட்டு வராத காசு பையில் கிடக்கும்போது செக்கிங் ஏறுகிறது என்றால், வாசகனுக்கும் சேர்த்து வயிற்றைக் கலக்கும்.

வெயிலுகந்தாள் எழுதியது:

கரிசல்பிஞ்சை, நேற்றே கேட்க நினைத்தேன். உங்கள் கதை எந்த வருஷத்தில் நடக்கிறது? பாட்டிக்கு ஆறு ரூபாய் மிச்சம் என்றால் பத்து ரூபாய் கொடுத்து நாலு ரூபாய் டிக்கெட் எடுத்திருக்கிறாள். 2018 ஜனவரியில் ஆறு வருஷத்துக்கு அப்புறம் கட்டணத்தை ஏற்றினார்கள். டவுன் பஸ்ஸில் குறைந்தபட்சம் மூன்று ரூபாய் ஐந்தாகியது. மாணவர்கள் எல்லாம் தெருவில் இறங்கிப் போராடினார்கள், அந்த மாதக் கடைசியிலேயே ஒரு ரூபாய் குறைத்து நாலு ஆக்கினார்கள். ஆக, குறைந்தபட்ச டிக்கெட் நாலு ரூபாய் என்பது அதற்கு அப்புறம்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை, பாட்டி காசு நீட்டவே மாட்டாள். கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்க மட்டும் செய்வார்கள். பாட்டி எடுத்தது குறைந்தபட்ச டிக்கெட் என்றால் உங்கள் காட்சி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்க முடியும்.

கரிசல்பிஞ்சை எழுதியது:

இப்போது நடக்கிற கதையாகத்தான் வைத்திருந்தேன். அப்படியானால் அந்தப் பாட்டியை ஆண் பயணியாக மாற்றிவிடட்டுமா?

மஞ்சநத்தி எழுதியது:

மாற்றினால் தேதிச் சிக்கல் தீரும், அவ்வளவுதான். வெயிலுகந்தாள் கொடுத்த தகவலை வேறு விதமாகப் பாருங்கள். ஒரே சண்முகவேலை 2018 ஜனவரியில் நிறுத்துங்கள், 2021-க்குப் பிறகும் நிறுத்துங்கள். முதல் இடத்தில் அரசாங்கம் ஏற்றிய காசுக்குப் பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருத்தரிடமும் வசவு வாங்குகிறவர் அவர்தான். இரண்டாவது இடத்தில் பெண்கள் காசு கொடுக்காமல் ஏறுகிறார்கள். "ஓசி டிக்கெட்" என்று முணுமுணுக்கிற கண்டக்டரும் உண்டு, கைப்பிள்ளையோடு வருகிறவளுக்கு இடம் பிடித்துக் கொடுக்கிறவரும் உண்டு. உங்களுடையவர் எந்தப் பக்கம்? அல்லது காலையில் ஒரு பக்கம், சாயங்காலம் கால் வலிக்கும்போது இன்னொரு பக்கமா? எனக்கு அந்தக் கடைசிக் கண்டக்டரைத்தான் படிக்க ஆசை.

கரிசல்பிஞ்சை எழுதியது:

முதல் அத்தியாயத்தை 2018 ஜனவரிக்குக் கொண்டுபோய்விட்டேன். திரும்ப எழுதிய துண்டு இது.

"கட்டணம் ஏறி நாலாவது நாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று ஒற்றை ரூபாயை எடுத்து நீட்டினாள் கிழவி.

'அஞ்சு ரூபா ஆச்சி.'

'மூணுதானய்யா?'

'ஏத்திட்டாங்கல்லா. மூணு நாளாச்சு.'

'நான் இன்னைக்குத்தான பஸ் ஏறுதேன்.'

பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள். சண்முகவேல் டிக்கெட்டை அவள் கையில் வைத்து அழுத்தினார். பையின் சின்ன அறையில் விரலை விட்டார். காலையில் வாத்தியார் ஒருத்தர் வாங்காமல் போன பாக்கி அங்கே கிடந்தது. அதிலிருந்து இரண்டு ரூபாயை எடுத்துப் பெரிய அறையில் போட்டார். வாத்தியார் கேட்க மாட்டார். கேட்டதில்லை.

அடுத்து இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி நின்றிருந்தாள். அவளும் மூன்று ரூபாயைத்தான் நீட்டினாள்.

'அஞ்சு ரூபா.'

'அந்த ஆச்சிக்கு மட்டும் எப்படிண்ணே குடுத்தீங்க?'

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சண்முகவேல் விசிலை வாயில் வைத்தார்.

'இறங்கிக்கம்மா.'"

கடைசிசீட் எழுதியது:

இதுதான். எழுதியது ஒரே ஆள்தானா என்று கேட்கத் தோன்றுகிறது.

தெக்கத்திமழை எழுதியது:

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்து வருகிறேன். காட்சி பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு சந்தேகம். கிழவிக்கு இரங்கியவர் கைக்குழந்தைக்காரியை இறக்கிவிடுவாரா? முரணாக இல்லையா?

மஞ்சநத்தி எழுதியது:

முரண்தான், நம்ப முடிகிற முரண். அதற்கான வழியை அவர் முன்னாலேயே போட்டு வைத்திருக்கிறார், பாருங்கள். முதலில் பின் சீட்டுச் சிரிப்பு. அப்புறம் "எப்படிண்ணே குடுத்தீங்க" என்ற கேள்வி. பஸ் முழுக்கத் திரும்புகிறது. இவளுக்கும் இரண்டு ரூபாய் போட்டால் அடுத்த ஸ்டாப்பில் நாலு பேர் மூன்று ரூபாயோடு நிற்பார்கள், சின்ன அறையில் அவ்வளவு காசு கிடையாது. ரகசியமாகச் செய்ததை அந்தப் பெண் சபையில் போட்டு உடைத்துவிட்டாள். அவருக்கு வந்த கோபம் அவள் மேல் மட்டும் வந்ததாகவும் எனக்குத் தெரியவில்லை. இவ்வளவையும் கரிசல்பிஞ்சை எங்கேயும் விளக்கவில்லை, நம்மையே யோசிக்க விட்டிருக்கிறார்.

இதே காட்சியில் அந்தச் சிரிப்பும் கேள்வியும் இல்லாமல் அவர் அவளை இறக்கிவிட்டிருந்தால், தெக்கத்திமழை சொல்வது சரி. காரணமில்லாமல் குணம் மாறுகிற ஆளாகத்தான் தெரிவார்.

ஈரோட்டுவாசகர் எழுதியது:

ஆங்கில நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் 1927-ல் நாவல் பற்றிப் பேசிய உரைகளில் பாத்திரங்களைத் தட்டை, உருண்டை என்று இரண்டாகப் பிரித்தார். உருண்டைக்கு அவர் சொன்ன சோதனை இங்கே அப்படியே பொருந்துகிறது: ஆள் நம்மை ஆச்சரியப்படுத்த வேண்டும், அதே சமயம் நம்ப வைக்கவும் வேண்டும். ஆச்சரியமே தராதவர் தட்டை. ஆச்சரியம் தந்து நம்ப வைக்காதவர், உருண்டை வேஷம் போட்ட தட்டை.

ஆனால் தட்டை என்பதை வசவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஃபார்ஸ்டரும் அப்படிச் சொல்லவில்லை. டிரைவர் தவசி தட்டையாக இருந்தாலே போதும். வண்டி எடுக்கும்போது ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கும்பிடுவார், மினிபஸ்ஸைப் பார்த்தால் மிதிப்பார், சரி. எல்லோருக்கும் உள்மனப் போராட்டம் கொடுத்தால் குறுநாவல் தாங்காது. செக்கிங் இன்ஸ்பெக்டரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நீங்கள் எழுதியிருக்கிற இன்ஸ்பெக்டர் எப்படிப்பட்டவர்?

கரிசல்பிஞ்சை எழுதியது:

கறாரான ஆள். சண்முகவேலைப் பிடிக்காது. லஞ்சம் எதிர்பார்க்கிறவர்.

ஈரோட்டுவாசகர் எழுதியது:

நினைத்தேன். சண்முகவேலை நல்லவராக்க முதலில் பாட்டியைக் கொண்டு வந்தீர்கள், அடுத்து இன்ஸ்பெக்டரைக் கெட்டவராக்கியிருக்கிறீர்கள். லஞ்சத்தை எடுத்துவிட்டு யோசியுங்கள். அவரும் கண்டக்டராக இருந்து மேலே வந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம். சின்ன அறை எதற்கு என்று அவருக்குத் தெரியும், அவருடைய பையிலும் அது இருந்திருக்கும். அப்படிப்பட்டவர் எழுதுகிற மெமோவுக்கு என்ன காரணம் இருக்கும்? இத்தனை கேஸ் பிடிக்க வேண்டும் என்று மேலே இருந்து வரும் நெருக்கடியா, இறக்கிவிடப்பட்ட பெண் கொடுத்த புகாரா, தன்னோடு வேலை பார்த்தவனை விட்டுவிட்டார் என்ற பேர் வரக் கூடாது என்பதா? இதில் எது என்றாலும் மெமோ காட்சி கனமாகிவிடும். சண்முகவேலும் "சார்" என்று கூப்பிடுவதா, பழைய பழக்கத்தில் "அண்ணாச்சி" என்று கூப்பிடுவதா என்று ஒரு நொடி திணறுவார். அந்தத் திணறலே அவர்களுடைய பழைய கதையைச் சொல்லிவிடும்.

வெயிலுகந்தாள் எழுதியது:

புகார் என்பது நன்றாக வரும். இறக்கிவிடப்பட்ட பெண் புகார் கொடுத்தால், பஸ்ஸில் அவர் செய்த ஒரே ஒரு நல்ல காரியமே கேஸுக்கு ஆதாரமாகிவிடும். ஆச்சிக்கு இரண்டு ரூபாய் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், சின்ன அறையைத் திறக்கச் சொல்வார்கள்.

கரிசல்பிஞ்சை எழுதியது:

இது எனக்குத் தோன்றவே இல்லை. எடுத்துக்கொள்கிறேன், நன்றி.

தெக்கத்திமழை எழுதியது:

மஞ்சநத்தியின் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். இப்போது பேச்சியம்மாளைப் பற்றிக் கேட்க வேண்டும், இதுவரை யாரும் கேட்கவில்லை. கரிசல்பிஞ்சை, கதைச் சுருக்கத்தை முன்பு இன்னொரு இழையில் போட்டிருந்தீர்கள். அதில் அவள் வருகிற இடத்தில் எல்லாம் சோறு போடுகிறாள், அல்லது அழுகிறாள். அவளுக்கென்று ஒரு காலைப் பொழுதாவது கதையில் இருக்கிறதா? சண்முகவேல் வீட்டில் இல்லாத நேரத்தில் அவள் என்ன செய்கிறாள்?

கரிசல்பிஞ்சை எழுதியது:

தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறாள் என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு மேல் இல்லை.

தெக்கத்திமழை எழுதியது:

அந்த ஒரு வரிக்குள்ளேயே அவளுடைய கதை இருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பெண்கள் பலர் ஏதாவது ஒரு மகளிர் குழுவில் இருப்பார்கள். குழுக் கடனில் ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்ட வேண்டும். பேச்சியம்மாள் தன் கூட்டாளி ஒருத்திக்காகப் பொறுப்பேற்றிருக்கிறாள், அவள் ஊரை விட்டுப் போய்விட்டாள், தவணை தேதி வந்துகொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை அவள் சண்முகவேலிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அவர் திட்டுவார் என்பதற்காக மட்டும் இருக்கக் கூடாது, அது சுலபமான காரணம். சொன்னால் அவர் எப்படியாவது புரட்டிக் கொடுத்துவிடுவார், எங்கிருந்து புரட்டுவார் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சின்ன அறையைப் பற்றி அவளுக்கு இத்தனை வருஷமாகத் தெரியாமலா இருக்கும்?

இப்போது அவள் சோறு போடும் காட்சியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டாம். வாசகருக்கு அவள் மனசில் ஓடுவது தெரியும், தட்டில் குழம்பு விழுகிற சத்தம்கூட வேறு மாதிரி கேட்கும்.

கதைகளில் மனைவி, அம்மா, தங்கை என்று வருகிறவர்கள் நாயகனுக்குக் காபி கொடுக்கவே பிறந்தவர்கள் மாதிரி நடமாடுவது எனக்கு நெடுநாள் வருத்தம். கண்டக்டரின் நியாயத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பேசிய இழையில் அவளுக்கும் ஒரு நியாயம் வேண்டும்.

பிழைதிருத்தி எழுதியது:

தெக்கத்திமழை சொன்னதோடு ஒரு சோதனையைச் சேர்க்கிறேன். எந்தப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு, நாயகனே இல்லாத ஒரு பக்கத்தை அதைச் சுற்றி எழுதிப் பாருங்கள். அச்சில் வர வேண்டியதில்லை. பேச்சியம்மாள் தீப்பெட்டி ஆபீஸ் வண்டிக்காக விடிகாலையில் நிற்கிறாள், பக்கத்தில் நிற்பவளிடம் என்ன பேசுகிறாள்? பேனா நகராவிட்டால் அந்த ஆளை உங்களுக்கு இன்னும் தெரியாது என்று பொருள். மகனுக்கும் இதைச் செய்து பாருங்கள். அவன் பாலிடெக்னிக்கில் என்ன பிரிவு படிக்கிறான்? அப்பா வேலை பார்க்கிற பஸ்ஸிலேயே ஏறுகிறானா, அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறானா?

கடைசிசீட் எழுதியது:

அப்பா கண்டக்டராக இருக்கிற பஸ்ஸில் நண்பர்களோடு ஏற நேர்ந்தால் அவன் டிக்கெட் எடுப்பானா? இதற்கு ஒரு அத்தியாயமே கொடுக்கலாம்.

வெயிலுகந்தாள் எழுதியது:

எங்களுக்கு அப்பா டிக்கெட் போடுவார், காசை அவர் கையிலிருந்து பைக்குப் போடுவார். அதை எல்லோரும் பார்க்கிற மாதிரிப் போடுவார்.

ஈரோட்டுவாசகர் எழுதியது:

பேச்சு வழக்கைப் பற்றி ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "ஏத்திட்டாங்கல்லா", "ஏறுதேன்" எல்லாம் எனக்குப் படிக்கச் சிரமமாக இல்லை, காதில் நன்றாகவே விழுந்தது. ஆனால் கிழவி, சண்முகவேல், கைக்குழந்தைக்காரி மூன்று பேரும் ஒரே மாதிரி பேசிவிடக் கூடாது. பஸ்ஸில் ஏறுகிற நூறு பேரிடம் பேசிப் பழகிய ஆள் சண்முகவேல். "ஆச்சி", "அம்மா", "தம்பி", "சார்" என்று ஆளுக்கு ஆள் குரல் மாறும். வீட்டில் அதே ஆள் வாயைத் திறக்காதவராகக்கூட இருக்கலாம். வட்டார வழக்கை எழுத்தில் கொண்டு வந்துவிட்டால் ஆள் பேசிவிட்டார் என்று நாம் திருப்தியாகிவிடுகிறோம். வழக்கு ஊருடையது, ஆளுடையதை அதற்குள் தனியாகத் தேட வேண்டும்.

மஞ்சநத்தி எழுதியது:

ஆமாம். சண்முகவேல் "ஏத்திட்டாங்கல்லா" என்று சொன்னதில் எனக்குப் பிடித்ததே அந்த "ஆங்க". ஏற்றியது நான் இல்லை, அவங்க. இத்தனை நாளாக வசவு வாங்கி வாங்கி அவர் கண்டுபிடித்த கவசம் அது.

கரிசல்பிஞ்சை எழுதியது:

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு மனமார்ந்த நன்றி. பழைய நோட்டை மூடி வைத்துவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு பக்கம், அதில் ஒரே கேள்வி: இவர் தான் செய்வது சரி என்று எதை வைத்து நினைக்கிறார்? தவசிக்கு இரண்டு வரியில் முடிந்துவிட்டது. இன்ஸ்பெக்டருக்குப் பக்கம் போதவில்லை. பேச்சியம்மாள் பக்கத்தை எழுதும்போது, கதையை அவள் பார்வையில் ஆரம்பித்தால் என்ன என்றே தோன்றிவிட்டது. தெக்கத்திமழை, அந்த அத்தியாயம் தேறியதும் முதலில் உங்களுக்குத்தான் அனுப்புவேன்.

வெயிலுகந்தாள், நைட் ஹால்ட் பற்றி உங்களிடம் கேட்க நிறைய இருக்கிறது. கடைசி நடை முடிந்து கிராமத்திலேயே பஸ் நிற்கும்போது இருவரும் எங்கே படுப்பார்கள், கலெக்‌ஷன் பையை இரவு முழுக்க யார் பார்த்துக்கொள்வார்கள்? தனிச்செய்தியில் கேட்கலாமா?

வெயிலுகந்தாள் எழுதியது:

இங்கேயே கேளுங்கள், மற்றவர்களுக்கும் உதவும். அப்பா நைட் ஹால்ட் பார்த்த ஊரில் பஸ்ஸுக்குள்ளேயே படுப்பார்கள், நீள சீட்டில். பையைத் தலைக்கு வைத்துத்தான் தூங்குவார். ஊர்க்காரர்கள் யாராவது சாப்பாடு கொடுத்து விடுவார்கள். யார் வீட்டுச் சாப்பாட்டை வாங்கலாம், யார் வீட்டில் வாங்கினால் மறுநாள் டிக்கெட் கேட்க முடியாது என்பதற்கும் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. அவரிடமே விவரமாகக் கேட்டு ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.